பாவித்த கார்: மீற்றரைப் பார்க்குமுன் ரேடியேற்றர் மூடியைத் திறவுங்கள்

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1 இல்தான் மீண்டும் திறந்தது. அதோடு பழைய கார்களின் விலை சரியும் என்று யாழ்ப்பாணத்தில் பலர் காசைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வரியும் ஏறி, ரூபாயின் பெறுமதியும் இறங்கியிருந்ததால் புதிதாக வந்த கார்களின் விலையே எட்டாத உயரத்தில் நின்றது. பழையவையும் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. பத்து வருடம் ஓடிய வாகன் ஆர், அன்று புதிதாக இறங்கியபோது இருந்த விலையை விடக் கூடிய விலைக்கு இன்றும் கைமாறுகிறது.

விலையை விடப் பெரிய சிக்கல் வயது. ஐந்து வருடம் புதிய கார் வராததால் இப்போது விளம்பரங்களில் நிற்பவற்றில் பெரும்பகுதி 2012 முதல் 2018 வரையான தயாரிப்புகள். ஹைபிரிட் பற்றறி, சி.வி.ரி. எனப்படும் படிகள் இல்லாத தானியங்கிக் கியர்பெட்டி, எஞ்சின் மவுன்ட், தண்ணீர்க் குழாய்கள் என்று எல்லாமே ஒரே நேரத்தில் முதுமைக்கு வரும் பருவம் இது. 2022 நெருக்கடியில் உதிரிப்பாக விலை ஏறியபோது சேர்விஸைத் தள்ளிப்போட்டவர்களும் உண்டு. அந்தக் கணக்கு இப்போது வாங்குபவரின் தலையில் வந்து விழுகிறது.

‘நல்ல கார்’ என்ற சொல்லுக்குள் மூன்று கேள்விகள்

1. வடிவமைப்பு: அந்த மொடலுக்குப் பிறப்பிலேயே ஏதாவது குறை உண்டா? இதற்கான பதில் ஒரே மொடல், ஒரே தயாரிப்புக் காலத்துக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.
2. வளர்ப்பு: ஓயிலும் கூலன்றும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எத்தனை தடவை மாற்றப்பட்டன, என்ன ஊற்றப்பட்டது? ஒரே நாளில் கப்பலால் இறங்கிய இரண்டு கார்கள் இதில்தான் பிரிகின்றன.
3. வயது: ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் வெடிக்கும், பற்றறி தளரும்.

‘டொயோட்டா எண்டா பிரச்சினை இல்லை’ என்ற பேச்சு முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில், அதுவும் அரைகுறையாக. ‘குறையத்தான் ஓடினது’ என்பது மூன்றில் எதற்குமே பதில் இல்லை.

மீற்றர் எண்

இலத்திரனியல் மீற்றரில் ஓடிய தூரம் ஒரு சிறிய நினைவகச் சிப்பில் பதிந்திருக்கும். மடிக்கணினியும் உரிய கருவியும் உள்ளவருக்கு அதைக் குறைப்பது சில நிமிட வேலை. ஆகவே எண்ணை நம்புவதற்கு முன் சுற்றியுள்ள சாட்சிகளைக் கேட்க வேண்டும்:

1. ரயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3519 என்றால் 2019 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரம். மீற்றர் 30,000 காட்டும் 2016 காரில் நான்கு ரயரும் 2020 திகதியோடு தேய்ந்தும் போயிருந்தால், முதலில் வந்த ரயர்கள் எங்கே போயின என்று கேளுங்கள். வயதாலும் மாற்றியிருக்கலாம், எனவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.
2. பிறேக் மிதியின் ரப்பர், ஓட்டுநர் சீற்றின் கதவுப்பக்க ஓரம், ஸ்ரியரிங்கில் கை படும் இடம். மிதி ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருப்பதும் ஒரு சாட்சிதான்.
3. முன் பிறேக் டிஸ்க்கின் வெளி விளிம்பில் நகத்தை வையுங்கள். தெளிவான படி ஒன்று தட்டுப்பட்டால் அந்த டிஸ்க் நிறையத் தூரம் பார்த்துவிட்டது.
4. ஓட்டுநரின் சீற் பெல்ற்றை முழுவதும் வெளியே இழுத்து, முன் பயணியின் பெல்ற்றோடு ஒப்பிடுங்கள். நார் எழும்பி முரடாக இருந்தால் ஆயிரக்கணக்கான தடவை போட்டுக் கழற்றியது.
5. ஜப்பானில் ஏலத்தில் எடுத்து வந்த காராக இருந்தால் செசி இலக்கத்தை வைத்து ஏலத் தாளைப் பெறலாம். அன்றைய மீற்றர் அதில் இருக்கும். தரம் 4, 4.5 என்பவை நல்லவை; ‘ஆர்’ அல்லது ‘ஆர்.ஏ.’ என்றால் விபத்துக்குப் பின் திருத்தியது. கார்ப் படத்தில் ‘யூ’ நெளிவையும் ‘டபிள்யூ’ திருத்திப் பெயின்ற் அடித்த இடத்தையும் ‘இரட்டை எக்ஸ்’ மாற்றிய பாகத்தையும் குறிக்கும். விற்பவர் காட்டும் நகலை நம்பாமல் நீங்களே எடுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு வகைக் கார் உண்டு: ‘அண்ணை, கனடாவில இருந்து ஆக்கள் வந்தா மட்டும்தான் ஓடினது.’ நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரு மாதம் ஓடிவிட்டு மிச்சம் பதினொரு மாதம் கொட்டகைக்குள் நின்ற கார். மீற்றர் உண்மையாகவே குறைவாக இருக்கும். ஆனால் நின்ற காருக்கும் நோய் வரும். பழைய பெற்றோல் தாங்கியில் கெட்டுப் பம்பையும் இன்ஜெக்டரையும் பிடிக்கும். பிறேக் கலிப்பர் இறுகும். ஓயில் சீல் காய்ந்து கசியும். எலி வயரைக் கடிக்கும். ஹைபிரிட் என்றால் பெரிய பற்றறி மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்து சேதமாகும். தினம் ஓடி, 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஓயில் மாற்றிய ஆசிரியர் ஒருவரின் கார், மீற்றர் 1,20,000 காட்டினாலும், இதை விடப் பாதுகாப்பான தெரிவாக இருக்கலாம்.

குளிர்ந்த எஞ்சின்

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது இங்கே ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. அந்தக் கைத்திறன் இன்னும் எங்கள் கராஜ்களில் இருக்கிறது. விற்பனைக்கு முன் ஒரு நோயாளிக் காரை ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடவைப்பது அந்தக் கைகளுக்குப் பெரிய வேலை இல்லை. சூடேறிய எஞ்சின் பல குறைகளை மறைக்கும். எனவே காலையில் போகிறோம், அதற்கு முன் ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனவுடன் பொனற்றில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் போகலாம்.

1. ஓயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால்தேநீர் நிறத்தில் பசை இருந்தால் ஓயிலோடு தண்ணீர் கலந்திருக்க இடமுண்டு. கறுத்த களி படிந்திருந்தால் ஓயில் காலத்துக்கு மாற்றப்படவில்லை.
2. ஓயில் அளவுக் கம்பியைப் பாருங்கள். மட்டம் கீழ்க் கோட்டுக்குக் கீழே இருந்தால் எஞ்சின் ஓயிலைக் குடிக்கிறது, அல்லது கசிகிறது, அல்லது யாரும் பார்ப்பதே இல்லை.
3. சாவியை ஓன் நிலைக்குத் திருப்பி எஞ்சினை எழுப்பாமல் நில்லுங்கள். எஞ்சின், ஏர்பாக், ஏ.பி.எஸ். விளக்குகள் எரிய வேண்டும். ஏர்பாக் விளக்கு சில விநாடியில் தானே அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைக் கழற்றியோ வயரை வேறொன்றோடு இணைத்தோ வைத்திருக்கிறார்கள்.
4. ஸ்ராட் பண்ணும்போது ஒருவர் சைலன்சருக்குப் பின்னால் நிற்கட்டும். நீலப் புகை ஓயில். கரும் புகை பெற்றோல் அதிகம். இனிப்பு மணத்தோடு நிற்காமல் வரும் வெள்ளைப் புகை கூலன்ற். எங்கள் வெக்கையில் காலை ஆவி என்ற சாட்டு அதிகம் செல்லாது.
5. முதல் ஐந்து விநாடிச் சத்தம். சங்கிலி குலுங்குவது போலக் கரகரத்துவிட்டு அடங்கினால் ரைமிங் செயினும் அதை இறுக்கும் பாகமும் சந்தேகத்துக்குரியவை.
6. காரின் கணினியில் பதிந்த பிழைகளை வாசிக்கும் ஓ.பி.டி. ஸ்கானரைச் செருகுங்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்பது போதாது. உள்ளே தன்பரிசோதனைகள் ‘முடியவில்லை’ என்று பல வரிகள் காட்டினால் அண்மையில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றறியைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

எஞ்சினில் சந்தேகம் மிஞ்சினால், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கொம்ப்ரெஷன் சோதனை செய்விக்கலாம். சிலிண்டர்களுக்கிடையில் 10 முதல் 15 வீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் உள்ளே வேலை காத்திருக்கிறது.

தண்ணீர்: எங்கள் ஊரின் தனி நோய்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. கிணற்றுத் தண்ணீர் கடினமானது. வீட்டில் தினமும் தண்ணீர் கொதிக்கும் கேத்தலின் அடியைப் பாருங்கள்: வெள்ளையாய், ஓடு மாதிரி ஒரு படை. கரண்டியால் சுரண்டினால் செதிலாகக் கழன்று வரும். அதே தண்ணீரை ரேடியேற்றருக்குள் ஊற்றினால் அதே ஓடு எஞ்சினுக்குள்ளும் படியும். கேத்தலுக்குப் புளி போட்டுக் கழுவலாம். எஞ்சினின் உட்குழாய்க்கு அந்த வசதி இல்லை.

நடப்பது இப்படி: படை வெப்பத்தை இலகுவில் கடத்தாது. ரேடியேற்றரின் நுண்குழாய்கள் ஒடுங்கி, எஞ்சின் வழமையை விடச் சூடாக ஓடும். ஒரு நாள் நெரிசலிலோ நெடும்பயணத்திலோ கொதிக்கும். அலுமினியச் சிலிண்டர் ஹெட் நெளிந்து, அதற்கும் எஞ்சினுக்கும் இடையில் அடைப்பாக இருக்கும் ஹெட் காஸ்கற் விட்டுக்கொடுக்கும். பிறகு தண்ணீர் ஓயிலுக்குள்ளும், எரிந்த வாயு தண்ணீருக்குள்ளும் போகும். தீவுப் பக்க உவர் தண்ணீரில் உப்பும் சேர்வதால் அலுமினியமே அரிக்கப்படும். காரணம் பல இடங்களில் ஒன்றுதான்: கூலன்ற் குறைந்தபோது கைக்கு எட்டியது கிணற்று வாளி.

பார்க்கும் முறை, எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது மட்டும்:

1. ரேடியேற்றர் மூடியைக் கழற்றி அதன் அடிப்பக்க ரப்பரையும் வாயின் உள் விளிம்பையும் பாருங்கள். வெள்ளைச் செதில் அல்லது துருச் சேறு இருந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்கலாம்.
2. நிறம். சிவப்போ இளஞ்சிவப்போ பச்சையோ நீலமோ, தெளிவாக இருக்க வேண்டும். நிறமே இல்லாத தண்ணீர் என்றால் கூலன்ற் இல்லை. தேநீர் நிறம் என்றால் துரு.
3. பளபளக்கும் புதுக் கூலன்றும் பழைய செதிலும் ஒன்றாக இருந்தால், விற்பனைக்காக நேற்று மாற்றியது.
4. மூடியைத் திறந்தபடியே ஸ்ராட் பண்ணி ஒரு நிமிடம் பாருங்கள். தொடர்ந்து குமிழி எழும்பினால், அல்லது தண்ணீர் மேலே தள்ளப்பட்டால், ஹெட் காஸ்கற் சந்தேகம். சூடேறுமுன் மூடிவிடுங்கள்.
5. மூடிய பின் ஏ.சி.யை முழுதாகப் போட்டு நின்ற இடத்தில் 15 நிமிடம் ஓடவிடுங்கள். மின்விசிறி வந்து வந்து போக வேண்டும். வெப்பநிலை ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஸ்கானர் இருந்தால் எண்ணாகவே பார்க்கலாம். சில கார்களில் முள்ளுக்குப் பதில் சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது பெரும்பாலும் காரியம் கைமீறியிருக்கும்.

துரு, புட்டி, வெள்ளம்

பண்ணைப் பாலத்தாலோ காரைநகர்ப் பாலத்தாலோ தினம் போய்வரும் கார் உப்புக்காற்றில் குளிக்கிறது. மேல் பெயின்ற் மினுங்கினாலும் கீழே வேறு கதை. கதவின் அடி விளிம்பு, சில்லு வளைவின் உள்மடிப்பு, ஜாக் வைக்கும் இடம், பிறேக் குழாய்கள், பின் அச்சின் பொருத்துகள் ஆகியவற்றை ஹொயிஸ்ற்றில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் முழுவதும் புதுக் கறுப்புப் பூச்சு அடித்து, மணமும் போகாமல் இருந்தால் அதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்குரூட்ரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். அரித்த தகடு மொத்தென்று சொல்லும்.

தகடு தட்டி நெளிவெடுத்த ரிங்கரிங் வேலையைக் கண்டுபிடிக்க பெயின்ற் தடிப்பு அளக்கும் கருவி நல்லது. கொம்பனிப் பெயின்ற் பொதுவாக 80 முதல் 150 மைக்ரோன். ஒரு தட்டில் மட்டும் 200 ஐத் தாண்டினால் மறுபெயின்ற். 500, 1,000 என்று போனால் அடியில் பள்ளத்தை நிரப்பிய புட்டி. கருவி இல்லாவிட்டால் மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் போதும். புட்டி தடித்த இடத்தில் அது பிடிக்காது. அலுமினியத்திலும் பிளாஸ்ரிக்கிலும் காந்தம் இயல்பாகவே பிடிக்காது என்பதை மறக்க வேண்டாம். கீறலுக்கு ஒரு கதவைப் பெயின்ற் அடித்ததெல்லாம் குற்றமில்லை. கூரைத் தூண், முன்பக்கச் செசிக் கால், டிக்கியின் தரை ஆகியவற்றில் வெல்டிங் அடையாளம் தெரிந்தால் மட்டும் பேச்சை நிறுத்திவிடலாம்.

வெள்ளத்தில் நின்ற கார் இன்னொரு வகை. 2016 மேயில் கொழும்புப் பக்கமும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு நாட்டின் பல மாவட்டங்களும் மூழ்கின. ஓரிடத்தில் மூழ்கிய கார் 400 கிலோமீற்றர் தள்ளி விற்பனைக்கு வருவது வழமையான வியாபாரம்தான். வலிகாமத்தில் ஓடிய காரின் மூலைமுடுக்கெல்லாம் செம்மண் தூசி இருக்கும்; அது குற்றமில்லை. தேட வேண்டியது படிந்து காய்ந்த சேறு: உபரிச் சில்லின் குழிக்குள், சீற் பெல்ற்றின் கடைசி அரை மீற்றரில், கம்பளத்துக்கு அடியில், பியூஸ் பெட்டியின் பின்புறத்தில். சீற்றைத் தரையோடு பூட்டும் போல்ற் துருப்பிடித்திருந்தால் உள்ளே தண்ணீர் நின்றிருக்கிறது. அத்தகைய கார் இன்று நன்றாக ஓடும். வயர் இணைப்புகளுக்குள் பச்சைத் துரு பூத்து ஒவ்வொன்றாகக் கைவிட மாதங்கள் எடுக்கும்.

மொடலுக்கு மொடல்

இங்கே அதிகம் கைமாறுபவற்றில் தெரிந்த பலவீனங்கள்:

1. சுசுகி வாகன் ஆர், எம்.எச்.44 வகை: 658 சி.சி. எஞ்சின், சி.வி.ரி. கியர்பெட்டி. மெதுவாக உருளும்போது உதறலோ, வேகம் கூடும்போது ஊளையிடும் சத்தமோ வந்தால் கியர்பெட்டிச் செலவு. உரிய சி.வி.ரி. ஓயில் காலத்துக்கு மாற்றப்பட்டதா என்பதுதான் முதல் கேள்வி. கார் நிற்கும்போது எஞ்சினைத் தானே நிறுத்தும் ஐடில் ஸ்ரொப் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் பற்றறி தளர்ந்துவிட்டது.
2. டொயோட்டா அக்குவா, பிறியஸ்: அக்குவாவின் பெரிய பற்றறி 7.2 வோல்ற் மொடியூல்கள் 20 தொடராக இணைந்த 144 வோல்ற். மூன்றாம் தலைமுறைப் பிறியஸில் 28. தொடரில் ஒன்று தளர்ந்தாலும் எல்லாம் முடங்கும். தளர்ந்த ஒன்றை மட்டும் மாற்றி விற்பது இங்கே சாதாரணம். மற்றவையும் அதே வயது என்பதால் அடுத்தது விரைவில் போகும். சார்ஜ் கட்டங்கள் சில நிமிடத்தில் நிறைந்து சில நிமிடத்தில் வடிவது அடையாளம். பின்சீற் பக்கம் உள்ள காற்று உறிஞ்சும் துவாரத்தைப் பாருங்கள்: செம்மண்ணும் நூலும் அடைத்திருந்தால் பற்றறி வெந்துகொண்டிருக்கிறது. இதே பிறியஸில் புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் குழாய் கரியால் அடைத்து ஹெட் காஸ்கற் போவதும் அறியப்பட்ட குறை. காலையில் ஸ்ராட் ஆகும்போது எஞ்சின் கடகடவென்று உதறும்.
3. ஹொண்டா ஃபிற் ஜி.பி.5, வெசல், கிறேஸ் ஹைபிரிட்: இரட்டைக் கிளச், ஏழு கியர். 2013 இல் ஃபிற் வெளிவந்து ஒரு வருடத்துக்குள் ஜப்பானில் குறை திருத்தவென்று பல தடவை திரும்ப அழைக்கப்பட்டது. நெரிசலில் ஊரும்போது இடிப்பதும், கியர்பெட்டி சூடானதாக எச்சரிக்கை வருவதும் பார்க்க வேண்டியவை.
4. டொயோட்டா அலியன், பிறீமியோ 240: 1.5 லீற்றர் எஞ்சின் உறுதியானது. 1.8 இல், குறிப்பாக முந்திய தயாரிப்புகளில், ஓயில் வளையம் அடைத்து ஓயில் குடிக்கும் பழக்கம் உண்டு.
5. மாருதி அல்ரோ 800: எளிமையானது, ஊருக்குள் எல்லோருக்கும் கைவந்தது. ரைமிங் பெல்ற் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஏர்பாக் இல்லாதவையும் உள்ளன என்பதை விலையோடு சேர்த்து யோசியுங்கள்.
6. நிசான் லீஃப்: பற்றறிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை, எங்கள் வெயில் அதற்குப் பகை. திரையின் ஓரத்தில் 12 சிறு கட்டங்கள் கொள்ளளவைக் காட்டும். முதல் கட்டம் போகும்போதே ஏறத்தாழ 15 வீதம் போய்விட்டது. எட்டில் நிற்கும் கார் மூன்றில் ஒரு பங்கை இழந்தது. கட்டங்களையும் மீட்டமைத்துக் காட்டலாம் என்பதால் செயலியோடு ஸ்கானரைப் பொருத்தி எண்ணைப் பாருங்கள்.

ஏற்றம் இல்லாத ஊரில் ஓட்டிப் பார்ப்பது

கீரிமலை என்று பெயர் இருக்கிறதே தவிர குடாநாட்டில் ஏற மலை இல்லை. தட்டையான வீதியில் தளர்ந்த எஞ்சினும் நல்லபிள்ளையாக ஓடும். வாங்கிய பின் குடும்பத்தோடு கண்டிக்குப் போகும்போது மலை ஏற்றத்தில்தான் உண்மை வெளிவரும். ஆகவே சுமையை நாமே உண்டாக்க வேண்டும். நான்கு பேர் ஏறி, ஏ.சி.யை முழுதாகப் போட்டு, பலாலி வீதி போல நீண்டு கிடக்கும் ஒரு வீதியில் 30 இலிருந்து 70 வரை ஒரே மிதியில் ஏற்றிப் பாருங்கள். கியர்பெட்டி வழுக்கினால் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது.

வெறும் மைதானத்தில் ஸ்ரியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமிடுங்கள். டக் டக் என்று கேட்டால் சில்லு அச்சு மூட்டு. ஒழுங்கையின் பள்ளங்களில் வானொலியை நிறுத்திவிட்டு ஓட்டினால் ஷொக் அப்சோபரும் போல் ஜொயின்றும் தாங்களே பேசும். நேர் வீதியில் பிறேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுத்தால் கலிப்பர். மிதி துடித்தால் டிஸ்க்.

புத்தகம்

‘புத்தகம்’ என்று நாங்கள் சொல்லும் வாகனப் பதிவுச் சான்றிதழில் உள்ள செசி, எஞ்சின் இலக்கங்களை காரில் உள்ளவற்றோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். பொறித்த இடத்தைச் சுற்றி அரைத்த தடமோ வெல்டிங்கோ இருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். களவாகப் பொருத்திய கார்கள் போலி ஆவணத்தோடு பிடிபடும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. தயாரித்த ஆண்டும் பதிந்த ஆண்டும் வேறு; விலை பேச வேண்டியது தயாரித்த ஆண்டுக்கு. முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால், கடன் மிச்சத்தை விற்பவரின் கையில் கொடுக்காமல் அந்தக் கொம்பனியிலேயே கட்டி விடுவிப்புக் கடிதத்தை நேரே பெறுங்கள். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்று, இரண்டு சாவிகள் ஆகியவற்றையும் கேளுங்கள். ஸ்மார்ட் சாவி ஒன்று குறைந்தால் அதன் செலவை விலையில் கழிக்கலாம்.

‘ஓபின் பேப்பர்’ என்று கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு நாலு கை மாறிய கார் மலிவாகக் கிடைக்கும். புத்தகத்தில் பெயர் உள்ளவர் வெளிநாடு போயிருந்தால், அல்லது இறந்திருந்தால், உங்கள் பெயருக்கு மாற்றுவது நீண்ட அலைச்சல். பதிவு உரிமையாளரை நேரில் கண்டு, அடையாள அட்டையோடு ஒப்பிட்டு, உரிமை மாற்றப் படிவத்தில் உங்கள் கண்முன் கையொப்பம் வாங்கிய பிறகு மிச்சக் காசை எண்ணிக் கொடுங்கள்.